பெயர் இல்லாமல் பாட்டு வெளியே போகக்கூடாது

யூடியூபில் பறை ஒலிக்கும் ஏதாவது ஒரு பாட்டைத் திறந்து, கீழே இருக்கும் பெயர்ப் பட்டியலை வாசித்துப் பாருங்கள் தோழர்களே. இசை யார், வரிகள் யார், மிக்சிங் யார், மாஸ்டரிங் யார் என்று வரிசையாக இருக்கும். சில பாட்டுகளில் போஸ்டர் வடிவமைத்தவர் பெயர்கூட இருக்கும். பறை அடித்தது யார்? பல பாட்டுகளில் 'பறைக் குழு' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். அதுகூட இல்லாத பாட்டுகளும் ஏராளம்.

இதை மறதி என்று சொல்லிக் கடந்து போகிறார்கள். மறதி என்றால் ஒரு நாளாவது மிக்சிங் செய்தவர் பெயரும் விட்டுப்போயிருக்க வேண்டுமே? மறதிக்கும் இந்த நாட்டில் ஒரு படிநிலை இருக்கிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கி வைப்பது என்று பாபாசாகேப் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். ஸ்டுடியோவுக்குள்ளும் அந்த அடுக்கு இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடிப்பவர், இந்தப் பக்கம் பதிவு செய்பவர். பதிவு செய்பவருக்குப் பெயர் உண்டு, அடிப்பவருக்கு அன்றைய பேட்டா மட்டும்.

புகழ் பெற்றவர்களுக்கே இது நடக்கிறது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் 'எஞ்சாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' பாட்டுகளைச் சொல்லி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றார்கள். இரண்டிலும் பங்குகொண்ட அறிவு அந்த அட்டையில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பிய பிறகுதான் அறிவுக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. ஊரே அறிந்த ஒரு கலைஞனுக்கு இந்த நிலை என்றால், சட்டிமேளம் அடிக்கும் பையனுக்காக யார் கேள்வி எழுப்பப் போகிறார்கள்?

பெயர் என்பது வெறும் மரியாதை விஷயம் என்று நினைக்காதீர்கள். காப்புரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தத்தைப் படியுங்கள். 38பி பிரிவு, ஒரு நிகழ்த்துகலைஞர் தன்னை அந்த நிகழ்த்துதலைச் செய்தவராக அடையாளம் காட்டக் கோரும் உரிமையைத் தருகிறது. நல்லது. ஆனால் அதே திருத்தம் 'நிகழ்த்துகலைஞர்' யார் என்ற வரையறையில் ஒரு விதிவிலக்கையும் சேர்த்தது. ஒரு திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானது அல்லது துணையானது, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துகலைஞராகவே கருதப்பட மாட்டார். தன் நிகழ்த்துதலைத் திரித்துச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும்.

இதன் பொருளை நிதானமாக யோசியுங்கள். பெயர் போடாத வழக்கமே, உரிமை இல்லை என்று வாதாடுவதற்கு ஆதாரமாகிவிடுகிறது. பறையடி 'துணையானது'தானா என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால் அங்கே போய் நிற்கும்போது நம் கையில் என்ன இருக்கும்? அன்றைக்கு அந்த அறையில் யார் எந்த மேளத்தை அடித்தார்கள் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டாவது இருக்குமா?

இந்த இடத்தில்தான் கணினி வருகிறது.

இன்று பாட்டு என்பது ஒலிப்பதிவு மென்பொருளில் இருக்கும் ஒரு கோப்பு. புதுக் கோப்பைத் திறந்தால், பெரும்பாலான மென்பொருள்களில் நிமிடத்துக்கு 120 தட்டு, நான்குக்கு நான்கு தாளம் என்று கட்டம் போட்டு வைத்திருக்கும். ட்ராக்குகளுக்கு 1, 2, 3 என்று எண் இருக்கும். அடித்தவர் பெயரைக் கேட்கும் பெட்டி எதுவும் தானாக முன்னால் வந்து நிற்காது. இவை இயற்கையின் விதிகள் அல்ல, யாரோ எங்கோ உட்கார்ந்து எடுத்த முடிவுகள். நாம் அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு வேலை பார்க்கிறோம்.

ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. பல மென்பொருள்களுக்கு உள்ளேயே நாம் நம் விதிகளை எழுதிச் சேர்க்க முடியும். அதற்குப் பெயர் ஸ்கிரிப்ட். ரீப்பர் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். வின்ஆம்ப் உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கலின் நிறுவனம் வெளியிடுவது. 60 நாள் எல்லா வசதிகளோடும் பழகிப் பார்க்கலாம், அதன் பிறகு தனிநபருக்கான உரிமம் 60 டாலர். ஈஈஎல், லுவா, பைத்தான் ஆகிய மூன்று மொழிகளில் அதற்குக் கட்டளை எழுதலாம். ஆர்டர் என்ற திறமூல மென்பொருளும் லுவாவை ஏற்கும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில், ஒரே வேலையை நூறு கோப்புகளுக்கும் செய்யும் மேக்ரோ வசதி இருக்கிறது.

இனி ஒரு ஸ்கிரிப்ட் என்ன செய்யும் என்று பார்ப்போம். நம் அறையில் ஒரு விதி வைத்துக்கொள்வோம்: ஒவ்வொரு ட்ராக்குக்கும் முதலில் கருவியின் பெயர், ஒரு கோடு, பிறகு வாசித்தவர் பெயர். ஸ்கிரிப்ட் முதலில் ட்ராக்குகளை எண்ணும். ஒவ்வொன்றின் பெயரையும் வாசிக்கும். கோட்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லையென்றால், 'நான்காவது ட்ராக்கில் அடித்தவர் யார்?' என்று திரையில் தமிழில் கேட்டுவிட்டு நின்றுவிடும். எல்லாப் பெயர்களும் இருந்தால், அவற்றைத் தேதியோடு ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, பாட்டை வெளியே எடுக்கும் ரெண்டர் பெட்டியைத் திறக்கும். முப்பது நாற்பது வரிகளில் முடிகிற வேலை இது. ரெண்டருக்கான குறுக்குவிசையை இந்த ஸ்கிரிப்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால், பெயர் நிரப்பாமல் அந்த விசை வேலை செய்யாது.

மெனு வழியாகப் போய் இதைத் தாண்டிவிட முடியாதா? முடியும். ஏமாற்ற நினைப்பவனை எந்த ஸ்கிரிப்டும் தடுக்காது. எழுத்து ஒப்பந்தமும் சங்கமும் அதற்குத் தேவை. ஆனால் அவசரத்தில், நள்ளிரவில், 'அப்புறம் போட்டுக்கலாம்' என்று நல்லவர்களே தவறவிடும் பெயர்களை இது காப்பாற்றும். நம் தோழர்கள் நடத்தும் அறைகளிலேயே அப்படி எத்தனை பெயர்கள் போகின்றன என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாளம். பறையில் ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் சிண்டுக்குச்சி. சாமியாட்ட அடி ஏறும்போது வேகமும் கூடவே ஏறும். ஆட்டக்காரரின் காலைப் பார்த்து அடிப்பவர் இழுப்பார், தள்ளுவார். இதைப் பதிவு செய்து கட்டத்தில் வைத்தால் 'டைமிங் சரியில்லை' என்ற பேச்சு வரும். பிறகு குவாண்டைஸ் என்ற கட்டளையைப் போட்டு ஒவ்வொரு அடியையும் கட்டத்தின் கோட்டுக்கு இழுப்பார்கள். கடைசியில் கிடைக்கும் ஒலி சுத்தமாக இருக்கும், அந்த மனிதர் அதில் இருக்க மாட்டார்.

இதைத் தலைகீழாக்கலாம். அடிப்பவர் கட்டத்துக்குப் பின்னால் போகவேண்டாம், கட்டம் அவருக்குப் பின்னால் வரட்டும். ஒலியில் அடி விழும் இடத்தைத் தேடி அடுத்தடுத்துத் தாவும் கட்டளை ரீப்பரில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு தட்டிலும் ஒரு டெம்போக் குறியை வைக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதலாம். ஆறு நிமிடப் பாட்டு, சராசரியாக நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் மொத்தம் 720 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பத்து வினாடி செலவழித்துக் கையால் குறி வைத்தால் இரண்டு மணி நேரம். ஸ்கிரிப்டுக்குச் சில வினாடிகள். ஆனால் அது தவறும் செய்யும். சிண்டுக்குச்சியின் மெல்லிய அடியைத் தட்டு என்று எண்ணிக்கொள்ளும். எது தட்டு, எது அலங்காரம் என்று சொல்ல அடித்தவரே பக்கத்தில் உட்கார வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், நாற்காலி போட்டு. எனக்கு அந்த ஸ்கிரிப்டை விட அந்த நாற்காலி முக்கியமாகப் படுகிறது.

ராயப்பேட்டையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1907 ஜூன் 19 அன்று இதே பேட்டையிலிருந்துதான் பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலை, பெயரிலேயே இருந்தபடி, ஒரு பைசா. ஓராண்டுக்குப் பிறகு 'தமிழன்' என்று பெயர் மாற்றி, 1914இல் இறக்கும்வரை நடத்தினார். அவருக்கு முன்பே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார். பிறர் நடத்தும் பத்திரிகையில் தங்களுக்கு ஒரு மூலை கிடைக்குமா என்று அவர்கள் காத்திருக்கவில்லை. எதை அச்சிடுவது, யாரை என்ன பெயரால் அழைப்பது என்ற முடிவைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள்.

நூறு ஆண்டுகள் கழித்து, அயோத்திதாசரின் 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்தது. 2018 சனவரியில் கீழ்ப்பாக்கம் மேடையில் கானாவும் பறையும் ராப்பும் கிட்டாரும் சேர்ந்து நின்றன. அந்தக் குழுவில் பாடிய இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மேடையை வென்றிருக்கிறோம், மறுப்பதற்கில்லை. மேடைக்குப் பின்னால் இருக்கும் கோப்பை இன்னும் வெல்லவில்லை.

'கோடிங் நமக்கு வராது தோழர், அதெல்லாம் இங்கிலீஷ்' என்று சிலர் சொல்வார்கள். லுவா மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் இருபத்துச் சொச்சம்தான். திரையில் காட்டும் செய்தியையும், நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் குறிப்பையும் தமிழிலேயே எழுதலாம். அந்த மொழி பிறந்த கதையும் நமக்கானது. அது அமெரிக்காவில் பிறக்கவில்லை. 1993இல் பிரேசிலின் ரியோ நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் உருவாக்கினார்கள். வெளிநாட்டுக் கணினிப் பொருள்களை வாங்கக் கடும் தடை இருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தத் தடைக்காலம் அவர்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது: தேவையான கருவியை நாமே செய்துகொள்வது. லுவா என்றால் போர்த்துக்கீசிய மொழியில் நிலா.

'இப்போது ஏஐயே எழுதிக் கொடுக்கிறதே, நாம் ஏன் கற்க வேண்டும்?' என்று இன்னும் சிலர் கேட்பார்கள். எழுதிக் கொடுக்கட்டும், பயன்படுத்துங்கள். ஆனால் பெயரைக் கேட்கும் ஸ்கிரிப்ட் வேண்டும் என்ற எண்ணம் அதற்குத் தானாக வராது. எந்த வேதனையிலிருந்து எந்த விதி பிறக்க வேண்டும் என்பது நமக்குத்தான் தெரியும். அது எழுதியதை வரி வரியாக வாசிக்கத் தெரியாவிட்டால், ஒரு மென்பொருளின் முடிவுகளிலிருந்து இன்னொன்றின் முடிவுகளுக்கு மாறியிருப்போம், அவ்வளவுதான்.

மூன்றாவது கேள்வி கனமானது. வேலையைத் தானியங்கி ஆக்கினால் ஸ்டுடியோவில் உதவியாளராக இருக்கும் நம் பிள்ளைகளின் பிழைப்பு என்ன ஆகும்? கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவது, ஒலி அளவைச் சமன் செய்வது, இடைவெளிகளை வெட்டுவது எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. ஸ்கிரிப்ட் வந்தால் அந்த மணிநேரங்கள் போகும், உண்மை. அதனால்தான் அதை முதலாளி எழுதி வாங்குவதற்கு முன்னால் உதவியாளர் எழுதக் கற்க வேண்டும் என்கிறேன். நள்ளிரவுவரை வெட்டி ஒட்டுகிற கையாக இருப்பதா, அந்த வேலைக்கு விதி எழுதுகிற ஆளாக இருப்பதா? மீதமாகும் நேரத்தில் அவர் மிக்சிங் கற்கலாம், சொந்தப் பாட்டைப் பதியலாம், வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

இந்த ஊரின் கானாவில் பெரும்பகுதி சாவு வீட்டில் பிறந்தது. கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்குப் போகும் ஊர்வலங்களில் அடித்த எத்தனையோ கைகளை ஊரே கேட்டிருக்கிறது. சாவுக்கு மேளம் அடிப்பதைச் சாதிக் கடமையாகச் சுமத்தியவர்கள், அடித்தவரை ஒருநாளும் கலைஞர் என்று பெயர் சொல்லி அழைத்ததில்லை. அந்தச் சுமையை மறுத்து பறையைக் கலையாக மீட்டெடுத்த தலைமுறை நமக்கு முன்னால் இருக்கிறது. பதிவில் அந்தக் கலைஞரின் பெயரைச் சேர்க்க வேண்டியது நம் தலைமுறையின் வேலை.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விடுதியிலோ படிப்பு வட்டத்திலோ பழைய லேப்டாப் ஒன்று இருந்தால் போதும், நான்கு பேர் சேருங்கள். அதில் ஒருவராவது மேளம் அடிப்பவராக இருக்கட்டும். மேலே சொன்ன பெயர் கேட்கும் ஸ்கிரிப்டை முதலில் எழுதுங்கள். ஓடாது, பிழை காட்டும், மறுபடி எழுதுங்கள். ஓடியதும் இலவசமாக எல்லோருக்கும் கொடுங்கள். கூடவே, உங்கள் பழைய பதிவுகளைத் திறந்து, அடித்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டு, விட்டுப்போன பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிச் சேருங்கள். சிலர் இப்போது உயிரோடு இல்லாமல் இருக்கலாம். அவர்கள் வீட்டில் கேளுங்கள்.

ஜெய் பீம்.