கீழ்ச் சுரத்தைக் கைவிடலாமோ?

யுகுலேலேயைக் கல்லூரிக்குக் கொண்டுவரும் மாணவரை நாம் ஒருகாலத்தில் விரும்பியதில்லை. நாலு நைலோன் தந்திகள் பூட்டிய சிறு பெட்டியில் என்ன இசை பிறக்கும் என்று எண்ணியிருந்தோம். தமிழாசிரியருக்கு இத்தகைய தீர்ப்புக் கூறும் உரிமை எங்கிருந்து வந்ததென எவருங் கேட்டிலர்.

பழைய மாணவர் இராப்போசனம் ஒன்றுக்காக, விடைபெறும் வேளையிற் பாடப்படும் 'ஓல்ட் லாங் சைன்' இசையை மாணவனொருவன் பழகினான். அது மந்திர பஞ்சமத்திலே தொடங்கி ஆதார சட்சத்துக்கு ஏறுவது; முதற் பகுதியின் முடிவிலும் மந்திர தைவதத்தையும் பஞ்சமத்தையுந் தொட்டே மீளும். அவன் சி சுருதியில் வாசித்தான். யுகுலேலேயின் வழக்கமான சுருதிச் சேர்க்கையில் மிகத் தாழ்ந்த ஒலி மூன்றாந் தந்தியாகிய சி; பியானோவின் நடுச் சி அதுவே. நாலாந் தந்தியாகிய ஜி அதனினும் உயர்ந்தொலிப்பது. கீழ் ஜி கிடையாமையால் அவன் இந்த மேல் ஜியை மீட்டினான். ஏறவேண்டிய பாடல் எடுத்த எடுப்பிலேயே இறங்கிற்று. "இந்தக் கருவிக்கு இது சரிவராது" என்று கூறி நிறுத்திவிட்டோம். மறுவாரம் அவன் கருவியைக் கொண்டுவரவில்லை.

பழி கருவியினதன்று. 1879ஆம் ஆண்டில் 'ரேவன்ஸ்கிராக்' என்னுங் கப்பலில் மதேராத் தீவினின்று ஹொனலூலு சேர்ந்த போர்த்துக்கேயர் கொண்டுவந்த சிறு நரம்புக் கருவிகளின் வழியே ஹவாயில் உருவானது அது. உயர்ந்த நாலாந் தந்தியே அதன் கலகலப்புக்குக் காரணம். அதனைக் கழற்றி, ஒரு தாயி தாழ்ந்த தடித்த தந்தியைப் பூட்டினால் ஐந்து அரைச் சுரங்கள் கீழே கிட்டும். கலகலப்பிற் பாதி போய்விடும். ஒரு வரி முழுவதையும் மேல் தாயிக்கு உயர்த்தி வாசித்தலை நாம் குறைகூறோம். தனிச் சுரமொன்றை மட்டும் பிடுங்கி மேலே நடுவதைத்தான் ஒப்போம். எழுத்துப்பிழையை எதுகையென்று ஏற்கச் சொல்வதுபோலாகும் அது.

செய்யவேண்டியது சுருதியைப் பெயர்த்தலே. சியை விட்டு எஃபைச் சட்சமாகக் கொண்டால், மந்திர பஞ்சமம் மூன்றாந் தந்தியைச் சும்மா மீட்ட ஒலிக்கும். உச்சமோ முதலாந் தந்தியின் எட்டாம் மெட்டுக்குள் அடங்கும். சியின் மத்திமமே எஃப். செஞ்சுருட்டி, புன்னாகவராளி முதலியவற்றை நம் வித்துவான்கள் மத்திம சுருதியிற் பாடுதல் இதே நியாயம்பற்றியன்றோ? மேலே செல்லாது கீழே உலாவும் இராகங்களுக்கு மத்திமத்தையே சட்சமாக்கி இடந்தேடிக் கொடுத்தனர். கச்சேரிகளில் எத்தனையோ முறை கேட்டிருந்தும் வேண்டிய பொழுதில் அது நம் நினைவுக்கு வரவில்லை.

அம்மாணவனை அழைத்து எஃப் சுருதியிற் பழகச் செய்தோம். பக்கத்துணையாக வரும் பி பிளாட் கோர்ட் இளம் விரல்களை வருத்துவது. அதற்கு மட்டும் இரண்டு வாரஞ் சென்றது. இராப்போசனத்தன்று, சி சுருதியிற் கீழ்ப் பஞ்சமத்தை நெஞ்சுக்குள் முணுமுணுத்துவந்த பெரியவர்கள் அதனை வாய்விட்டே பாடினார்கள். பையன் கருவியை உறையில் இட்டபடி, "இதை முதலே சொல்லியிருக்கலாமே, சேர்" என்றான். நாம் அவனுக்குத் தேநீர் எடுத்துக் கொடுத்தோம்.