மருந்து மாறிவிட்டதா? விழுங்காதீர்கள்!

டாக்டர் சீட்டை மருந்துக் கடையில் கொடுக்கிறோம். கடைக்காரர் மாத்திரைகளை எடுத்துக் காகித உறையில் போட்டுத் தருகிறார். பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம். உறைக்குள் இருப்பது டாக்டர் எழுதிய மருந்துதானா என்று யார் பார்க்கிறார்கள்? பல வீடுகளில் யாரும் பார்ப்பதில்லை.

கத்திரிக்காயில் சொத்தை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். உயிர் காக்கும் மருந்தை மட்டும் பார்க்காமல் வாங்குகிறோம். பார்க்காமல் விழுங்குகிறோம்!

மருந்து மாறுவது உண்டு. கடைக்காரர் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. மருந்துகளின் பெயர்கள் அப்படி! ஓர் எழுத்து வித்தியாசத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று ஒரு நோய்க்கு. மற்றொன்று வேறு நோய்க்கு.

இந்தப் பெயர்க் குழப்பம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கு 'பால்சிகோ' என்று ஒரு கம்பெனி மருந்து விற்றது. இன்னொரு கம்பெனி 'பால்சிடாப்' என்று விற்றது. இந்த வழக்கில் 2001-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. மற்றப் பொருள்களில் பெயர் குழம்பினால் பணம்தான் போகும், மருந்தில் குழம்பினால் உயிருக்கே ஆபத்து, ஆகவே மருந்துப் பெயர்களைக் கண்டிப்பாகப் பார்க்கவேண்டும் என்று நீதிபதிகள் கூறினார்கள். டாக்டர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் கூட இந்தக் குழப்பம் வரலாம் என்றும் சொன்னார்கள்.

பெயர் சரியாக இருந்தாலும் அளவு மாறலாம். தைராய்டு மாத்திரை 25, 50, 100 மைக்ரோகிராம் என்று பல அளவுகளில் வருகிறது. 25 வேண்டியவருக்கு 100 கொடுத்தால், அதுவும் தவறான மருந்துதான்.

டாக்டர்களின் கையெழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்! மருந்தின் பெயரைத் தெளிவாக, கூடியவரை பெரிய எழுத்துகளில் எழுதவேண்டும் என்று 2016-ம் ஆண்டிலேயே மருத்துவக் கவுன்சில் விதி செய்தது. ஆனாலும் கோழி கிளறியது போன்ற சீட்டுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சீட்டு புரியாவிட்டால் டாக்டரிடமே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

வேறு மருந்து வந்துவிட்டால்

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையின் நிறம் மாறியிருக்கிறதா? பெயர் வேறாக இருக்கிறதா? சாப்பிடாதீர்கள். "அதே மருந்துதான், கம்பெனி மட்டும் வேறு" என்று கடைக்காரர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். மருந்தின் உண்மையான பெயரும் அளவும் பக்கத்திலேயே இருக்கும். அதைச் சீட்டுடன் ஒப்பிடவேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று சட்டம் சொல்லும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாகக் கடைக்காரர் தம் இஷ்டப்படி வேறொன்றைக் கொடுக்கக் கூடாது. 1945-ம் ஆண்டு மருந்து விதிகள் இதைத் தடுக்கின்றன. அத்தகைய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளரே தரவேண்டும். அல்லது அவர் நேரில் பார்க்கத் தரவேண்டும். சுவரில் அவருடைய சான்றிதழ் தொங்கினால் மட்டும் போதாது. ஆள் இருக்கவேண்டும்! வேலைக்கு வந்த பையன் எடுத்துக் கொடுப்பதும், மருந்தாளர் எங்கோ இருப்பதும் தவறு. இதைக் கண்டிக்கத் தயங்கக் கூடாது.

விழுங்கிவிட்டால்

பதற வேண்டாம். ஆனால் "பார்ப்போம், காலையில் சரியாகிவிடும்" என்று படுத்துவிடவும் வேண்டாம். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 104-க்குப் போன் செய்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். மயக்கம், மூச்சுத்திணறல், வலிப்பு, முகத்தில் வீக்கம் இவற்றில் ஏதாவது தெரிந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையையும் சீட்டையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன சாப்பிட்டார் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான சிகிச்சை தரமுடியும்.

வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

மிகவும் பயப்படவேண்டியது சர்க்கரை நோய் மாத்திரை. அந்த நோய் இல்லாதவர் அதைச் சாப்பிட்டால், ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடலாம். வியர்வை கொட்டும். கை நடுங்கும். பசிக்கும். பேச்சுக் குழறும். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் குடித்து எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். சில மாத்திரைகளின் வேகம் ஒரு நாள் முழுவதும் இருக்கும். மறுபடியும் மயக்கம் வரலாம்.

இன்சுலின் ஊசியிலும் இந்த ஆபத்து உண்டு. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்தும் விற்கிறது. 100 யூனிட் உள்ளதும் விற்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி ஊசி; 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை ஏற்றினால், உடம்பில் போவது 50 யூனிட்! கடையில் ஊசி வாங்கும்போது புட்டியையும் காட்டி வாங்குங்கள்.

உறையின் மேல் எழுதுவதிலும் தவறு வரும். மூட்டு வாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடவேண்டியது. "தினமும் 1" என்று எழுதிவிட்டால், சில நாளில் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம்.

தவறான மருந்து சாப்பிட்ட நாள்களில் சரியான மருந்து உள்ளே போகவில்லை. இதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாக விழுங்கக் கூடாது.

யாரிடம் புகார் செய்வது?

முதலில் கடைக்குப் போங்கள். சண்டை வேண்டாம். "மாற்றித் தருகிறேன், அதைக் கொடுங்கள்" என்று கடைக்காரர் கை நீட்டுவார். உடனே கொடுத்துவிடாதீர்கள்! அட்டை, உறை, பில், சீட்டு எல்லாவற்றையும் முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது அந்த மருந்தை விழுங்கியிருந்தால் மிச்சத்தைத் திருப்பித் தரவே வேண்டாம். அதுதான் சாட்சி. பில் இல்லாமல் எந்தக் கடையில் வாங்கினோம் என்று நிரூபிப்பது கஷ்டம். ஆகவே பத்து ரூபாய் மாத்திரைக்கும் பில் கேளுங்கள். அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் உங்கள் துண்டில் இருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள்.

மருந்துக் கடைகளைச் சோதிப்பவர் மருந்து ஆய்வாளர். அவருக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். நஷ்ட ஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். 2 ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். தமிழிலேயே பேசலாம்.