சிவப்புன்னா பூட்டா, திறப்பா?

மக்களே, இது கொஞ்சம் கோபத்தில் எழுதுகிற பதிவு. சைக்கிளே ஓட்டாதவங்களும் படிக்கலாம். வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தா கட்டாயம் படிங்க.

கூட வேலை பார்த்த நண்பர் மாற்றலாகிப் போகும்போது, "பையனுக்கு வச்சுக்கோங்க சார்" என்று ஒரு ஜோடி ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் பெடலைக் கொடுத்துட்டுப் போனார். பையன் சேர்த்து வைத்த காசில், இங்கே புனேயில் ஒரு கடையில் ஷூ வாங்கினான். அடியில் சிவப்புக் க்ளீட் ஏற்கெனவே மாட்டியிருந்தது. பொருந்துமா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். "ஸப் ஏக் ஹி ஹை, சாப். தீன் ஹோல்" என்றார் கடைக்காரர்.

மூணு ஓட்டை என்பது உண்மைதான். ஆனா அந்த ஓட்டை ஷூவுக்கும் க்ளீட்டுக்கும் நடுவில் இருக்கிற சொந்தம். க்ளீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் இருக்கிறது வேறே சொந்தம். மாட்டியிருந்தது லுக் கம்பெனியின் கியோ க்ளீட். முன்பக்க மூக்கு உள்ளே போச்சு, பின்பக்கம் ஏதோ மாட்டின மாதிரி இருந்தது, பயலும் கிளம்பிட்டான். காத்ரஜ் காட் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது கால் வழுக்கி வெளியே வந்தது. முழங்கையில் தோல் போச்சு. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் பிடித்தார். அந்தப் புண்ணியவான் பேர் கூடத் தெரியாது.

கதை இதோட முடியலை. சரி, ஷிமானோ க்ளீட்டே வாங்குவோம் என்று போனான். முதல்ல இருந்தது சிவப்பு, அதனால சிவப்பையே கேட்டு வாங்கினான். ஆறு வாரம் கழித்து மாடிப்படி இறங்கும்போது முழங்காலைப் பிடிக்கிறான், பதினேழு வயசுப் பிள்ளை! அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். லுக் கியோவில் சிவப்பு என்றால் 9 டிகிரி, அதாவது குதிகால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அதிகமா அசையும். சாம்பல் 4.5, கருப்பு 0. ஷிமானோவில் சிவப்புதான் 0, அசையவே அசையாது. நீலம் 2, மஞ்சள் 6. ஒரே நிறத்துக்கு நேர் எதிர் அர்த்தம்! பச்சை விளக்குக்கு ஒரு ஊரில் 'போ', அடுத்த ஊரில் 'நில்' என்று வைத்தால் சும்மா இருப்போமா?

பேரிலேயே குழப்பம் ஆரம்பிக்குது பாருங்க. காலைக் 'கிளிப்' பண்ணுகிற பெடலுக்குப் பேர் கிளிப்லெஸ். பழைய காலத்தில் விரலை மூடுகிற கூண்டும் வாரும் இருந்ததே, அது இல்லாததால் அந்தப் பேராம். பனிச்சறுக்குக் கட்டு செய்துகொண்டிருந்த லுக் இதைச் சைக்கிளுக்குக் கொண்டு வந்தது. 1985 டூர் டி பிரான்ஸில் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு ஜெயித்தார். ஷிமானோவின் இரண்டு ஓட்டை எஸ்பிடி 1990-ல் வந்தது. இது போக டைம், ஸ்பீட்பிளே, க்ராங்க்பிரதர்ஸ் என்று ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. ஸ்பீட்பிளேக்கு நாலு ஓட்டை வேற. லுக்கிலேயே பழைய டெல்டாவும் புது கியோவும் சேராது. ஒரே வீட்டு அண்ணன் தம்பி!

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கண்டுபிடிப்பு, எல்லாத்தையும் ஒண்ணாக்கினா முன்னேற்றம் நின்னுடும்" என்பார்கள். அப்படியா? அதே பெடலின் தண்டு கிராங்கில் ஏறுகிற மரையைப் பாருங்க. கிட்டத்தட்ட எல்லாப் பெரியவங்க சைக்கிளிலும் 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை, இடது பெடலுக்கு எதிர் மரை. அது பொதுவா இருக்கிறதால எந்த முன்னேற்றம் நின்னுபோச்சு? எங்க தொழிலிலும் ஒரு காலத்தில் அவனவன் வங்கி அட்டை அவனவன் ஏடிஎம்மில்தான். 2004-ல் நேஷனல் ஃபினான்ஷியல் ஸ்விட்ச் வந்தது, 2016-ல் யுபிஐ வந்தது. வங்கிகள் ஒண்ணும் போட்டியை விட்டுடலை, நான் தினமும் டார்கெட்டோட மாரடிக்கிறேனே :-)

பூட்டை மாத்தச் சொல்லலை. எத்தனை ஓட்டை, எந்தப் பெடலுக்கு, எத்தனை டிகிரி, இந்த மூணையும் டப்பாவிலும் க்ளீட் மேலேயும் கண்ணுக்குத் தெரியுற மாதிரி எண்ணாகப் போடுங்க, நிறத்தை நம்பி விடாதீங்க என்கிறேன். பழைய ஷூவை விற்கிற கடைக்காரரும் ரசீதில் க்ளீட் பேரை எழுதித் தரணும். எழுதத் தெரியலைன்னா விற்க வேண்டாம்.

ஆபீஸுக்கும் ஞாயிறு டிபனுக்கும் ஓட்டுகிற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு மூணு ஓட்டையே எதுக்கு? இரண்டு ஓட்டை எஸ்பிடியில் க்ளீட் ஷூவின் அடிக்குள்ளே பதிஞ்சிருக்கும், வாத்து மாதிரி நடக்க வேண்டாம். அதிலேயும் 56-ஆம் நம்பர் க்ளீட் பல பக்கமும் கழன்று வரும், புதுசா பழகுறவங்களுக்கு நல்லது. 51 பக்கவாட்டில் திருப்பினால்தான் கழலும். ரேஸ் ஷூ போட்டாத்தான் சைக்கிள்காரன் என்று குரூப்பில் சொல்லிக்கொடுக்கிற பெரிய மனுஷங்க, விழுந்தா ஆஸ்பத்திரி பில் கட்ட வரமாட்டாங்க.

பையன் இப்போ மஞ்சளுக்கு மாறிட்டான். வலி குறைஞ்சிருக்கு. இரண்டு ஜோடி சிவப்பும் என் டிராயரில் தூங்குது. புனேயில் நம்ம ஆளுங்க யாராவது லுக் கியோ பெடல் வச்சிருந்தா சொல்லுங்க, ஒரு ஜோடி சும்மாவே தர்றேன். இன்னொரு ஜோடியை யாருக்கும் தர்றதா இல்லை.