பழைய பிளாஷும் புதிய விளக்கும்

தந்தையார், பாட்டனார் பெட்டிகளில் உறங்கிக் கிடக்கும் பழைய பிளாஷ் கருவிகளை இக்காலத்து ஸ்டூடியோ விளக்குகளோடு சேர்த்து வழங்கலாமா என்னும் வினா, புகைப்படக் கலையிற் பயிலும் மாணவரிடையே அடிக்கடி எழுகின்றது. பழையன யாவும் கழிக்கத்தக்கன என்பர் ஒரு சாரார். பழைய ஒளிக்கே உயிருண்டு என்பர் பிறிதொரு சாரார். இவ்விரு சாராரும் அக்கருவியை ஒருகாலும் அளந்து பார்த்திலர் என்பது நமது துணிபு. நாம் கொண்ட கொள்கை இது: இரண்டையும் தாராளமாகச் சேர்த்து வழங்கலாம், ஆனால் பழையதைப் புதிய காமிராவோடு கம்பியாற் பிணைத்தல் ஆகாது.

பழைய பிளாஷ் என்று ஒரே பெயராற் சுட்டப்படுவன உண்மையில் இரு வேறு இனத்தன. ஒன்று, 1929-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த பிளாஷ் பல்பு. கண்ணாடிக் குமிழினுள் பிராணவாயுவையும் மெல்லிய உலோகத் தகட்டையும் அடைத்து, மின்சாரத்தாற் பற்றவைப்பர். ஒருமுறை எரிந்தால் அதன் வாழ்நாள் முடிந்தது. மற்றொன்று, அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1931-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய முறையினின்றும் வளர்ந்த எலெக்ட்ரானிக் பிளாஷ். இதனுள் மின்தேக்கியிற் சேர்த்த மின்சாரம் வாயுக் குழாயின் வழியே நொடிப்பொழுதிற் பாய்கின்றது.

இடர் விளைவது இவ்விரண்டாம் இனத்திலேதான். பழைய எலெக்ட்ரானிக் பிளாஷ்களுட் சிலவற்றின் தொடுமுனைகளில் 200 வோல்ட்டுக்கு மேலும் நிற்பதுண்டு. பழைய காமிராவில் உலோகம் உலோகத்தைத் தொட்டதாதலின் அது தாங்கிற்று. இக்காலத்துக் காமிராவிலோ நுண்ணிய மின்னணுச் சுவிட்சு உளது. சர்வதேச நியமம் 24 வோல்ட்டை எல்லையாகக் கூறும். சில காமிராக்கள் 250 வரை தாங்கும். சில 6-க்கு மேல் தாங்கா. “நான் ஒருமுறை மாட்டிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்லும் நண்பர்கள் உளர். முதல் நாட் பிழைத்தது மறுநாளும் பிழைக்கும் என்பதற்கு அவர் என்ன பிணை தருவார்? மீட்டரால் அளந்து, காமிராவின் கையேட்டோடு ஒப்பிடுதலே முறை. அதனினும் நன்று, ஸ்டூடியோ விளக்கின் ஒளியைக் கண்டு தானே வெடிக்கும் ‘ஸ்லேவ்’ கண்ணொன்றைப் பழைய பிளாஷில் மாட்டிவிடுதல். அக்கண்ணும் அவ்வோல்ட்டைத் தாங்குவதாதல் வேண்டும். கருவியின் மூடியைத் திறத்தல் மட்டும் வேண்டா. அணைத்த பின்னும் மின்தேக்கியுள் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அது உயிருக்கே ஊறு செய்வது.

பல்பின் செய்தி வேறு. அது முழு ஒளி எய்த வினாடியில் ஏறத்தாழ 50-ல் ஒரு பங்கு செல்லும். ஆதலின் பழைய காமிராக்களில், பல்பை முன்னரே பற்றவைக்க ‘எம்’ என்றும், எலெக்ட்ரானிக் பிளாஷுக்கு ‘எக்ஸ்’ என்றும் இரு குறிகள் இருந்தன. எலெக்ட்ரானிக் பிளாஷை ‘எம்’ குறியில் வைத்தால், ஷட்டர் திறக்குமுன்னே ஒளி மின்னி மறைய, பிலிம் வெறுமையாய்விடும். ஸ்டூடியோ விளக்கோடு பல்பையும் சேர்த்து எரிப்பவர் ‘எக்ஸ்’ குறியிலேயே நின்று, ஷட்டரை 30-ல் ஒரு பங்கு வினாடியோ அதனினும் மெதுவாகவோ வைத்தல் வேண்டும்.

இத்தனை தொல்லை எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்கரான ஓ. வின்ஸ்டன் லிங்க், 1955 முதல் 1960 வரை நார்போக்-வெஸ்டர்ன் ரயில் பாதையில், மறைந்துகொண்டிருந்த நீராவி எஞ்சின்களை நள்ளிருளிற் படமெடுத்தார். ஒரே படத்துக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பல்புகளை ஒருங்கே எரித்ததும் உண்டு. பழமைப் பற்றினால் அன்று. அப்பெரிய இருளை நிரப்பும் ஒளி அப்பல்பிலேதான் அவருக்குக் கிடைத்தது. நாமும் அவ்வாறே பயன் கருதி எடுப்போமாக. நிறம் பூசாத பல்பின் ஒளி சற்றே மஞ்சள் சார்ந்தது; ஸ்டூடியோ விளக்கோ பகலொளியை ஒப்பது. இவ்வேறுபாட்டைக் குறையென்று திருத்த முயல்வார் பலர். முகத்துக்குப் புதிய விளக்கையும், பின்னணிக்குப் பல்பின் மஞ்சளையும் விடுவதே நமக்கு உவப்பு.

இன்னொரு வேடிக்கை. 1977-ல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஒளிவாளின் பிடியாக நின்றது கிராப்லெக்ஸ் பிளாஷின் கைப்பிடியே. அதன் பின்னர், படமெடுப்பாரினும் வாள்வீரரே அதனை மிகுதியாகத் தேடுகின்றனர்! பல்பைத் தேடுவார் அருகினும், அதுவும் பெருகப்போவதில்லை. இன்று கிடைப்பன பெரும்பாலும் பழைய கையிருப்பே. ஆகவே ஒத்திகை யாவற்றையும் எலெக்ட்ரானிக் பிளாஷில் முடித்துக்கொண்டு, கடைசிப் படத்துக்கே பல்பைச் செலவிடுக. எரிக்குமுன், பல்பினுள் நீலப் பொட்டு உளதாயின் அதனை நோக்குக. அது இளஞ்சிவப்பாக மாறியிருப்பின், வெடிப்பின் வழியே காற்றுப் புகுந்துள்ளது. எரித்தாற் கண்ணாடி சிதறும். அதனை எடுத்தெறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுக.