மேற்குச் சுவருக்கு நிழல் கேட்போம்

கழக்கூட்டத்துத் தோழர்களே! நாகர்கோவிலில் ரயிலேறி வேலைக்கு வரும் தோழர்களே! டெக்னோபார்க் கண்ணாடிக் கட்டடங்களில் கணினி முன் உழைப்பவர்களே, வாசலில் காவல் நிற்பவர்களே! கேளுங்கள்.

சாலைக்கு மரம் வெட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி நிறுத்த வெட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்தோம். இலை உதிர்ந்து குப்பையாகிறது என்று வெட்டினார்கள். அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் எத்தனை மரம் விழ வேண்டும், நாம் வாய் திறக்க?

2024 கோடையை மறந்துவிட்டோமா? கேரளத்தின் மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. ஒரே நாளில் 11 கோடி யூனிட்டுக்கு மேல் செலவானது. இரவெல்லாம் ஏசி ஓடியது. டிரான்ஸ்பார்மர்கள் தாங்காமல் பழுதாயின.

ஏன் இரவெல்லாம் ஓடியது? பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெளியே வந்து மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கை சுடும். அந்தச் சூடுதான் இரவிலும் உள்ளே இறங்குகிறது. ஜன்னலுக்குத் திரை போட்டால் தீராது. கண்ணாடியைத் தாண்டிய வெயில் உள்ளே வந்த வெயில்தான். மரமோ அதை வெளியிலேயே மறிக்கும். நிழல் விழும் சுவர், உச்சி வெயிலில் காயும் சுவரைவிட 11 முதல் 25 டிகிரி வரை குளிர்ந்திருக்கலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. இலைகள் நீரை ஆவியாக்கியும் குளிர்விக்கும். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அந்தக் குளிர்ச்சி இங்கே குறைவு. அதனால்தான் நமக்கு நிழல் வேண்டும். அடர்ந்த நிழல் வேண்டும்!

ஏசி உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை எங்கே கொட்டுகிறது? தெருவில்! ஆட்டோக்காரர் மேல், மீன் விற்கும் அம்மா மேல், வாசலில் நிற்கும் நம் தோழர் மேல். ஏசியே இல்லாதவர்கள் அதைத் தாங்குகிறார்கள். இதையும் பொறுப்போமா?

பொறுக்க மறுத்தவர்கள் உண்டு. மின்சாரத்துக்காக அணை கட்டி சைலன்ட் வேலிக் காட்டை மூழ்கடிப்போம் என்றார்கள் ஒருநாள். மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் எழுந்தது. இதே திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கவிஞர் சுகதகுமாரி எழுந்தார். அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவானது. அவர்களிடம் இருந்தது குரல் மட்டும்தான். அந்தக் குரல் நம்மிடமும் இருக்கிறது, தோழர்களே!

இன்றே எழுங்கள். உங்கள் கட்டடத்தின் மேற்குப் பக்கம் போய்ப் பாருங்கள். மரம் இருந்தால் காப்பாற்றுங்கள். இல்லையென்றால் நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், கூட்டமாகக் கேளுங்கள். வெட்டக் குறியிட்ட மரத்தைக் கண்டால் யார் உத்தரவு என்று கேளுங்கள். சொல்ல மறுப்பது அரசு அலுவலகமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மாநகராட்சி கவுன்சிலரின் வாசலில் நில்லுங்கள். ஜூன் மழைக்கு முன் குழி தோண்டுங்கள். பூவரசு நடுவோம், ஆஞ்சிலி நடுவோம், பலா நடுவோம். கன்று வளர ஆண்டுகள் ஆகும்; நிற்கும் மரத்தை ரம்பம் தொடும் முன் நாம் அங்கே நிற்க வேண்டும். வாருங்கள்!