ஏலக்காய்க் கிடங்கும் கால்வாய்க் கரையும்



போடியில் ஏலக்காய்க் கடைப் பக்கம் போயிருப்பீர்கள். ஏழு மில்லிமீட்டர் சல்லடையில் விழாமல் நிற்கும் பருங்காயை ‘ஏஜிஇபி’ என்பார்கள். முழுப்பெயர் ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு. நம் மலைக் காய்க்கு ஆலப்புழைப் பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்தில், மலையில் விளைந்தது ஆலப்புழைக் கிடங்குக்குப் போய்த்தான் விலையானது. 1762இல் துறைமுகமான அந்த ஊரில், வாடைக் கால்வாயும் கமர்ஷியல் கால்வாயும் சரக்கு வள்ளங்களைக் கடலோரம் வரை கொண்டுவந்தன.

பழைய ஊர்களின் சொகுசு விடுதிகள் பற்றி இந்த இதழில் சிறப்புப் பகுதி போடலாம் என்றதும், “நமக்கும் ஸ்டார் ஹோட்டலுக்கும் என்ன சம்பந்தம்?” என்று உதவி ஆசிரியர் கேட்டார். சம்பந்தம் சரக்கில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் கால்வாயோரப் பழைய வீடுகள் இருபத்தைந்தை உள்ளுக்குள் இணைத்து, புலிட்சர் என்றொரு ஹோட்டல் நடக்கிறது. அந்த ஊர் வீடுகளின் உச்சியில் ஓர் உத்தரமும் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும். மூட்டைகளைக் கயிற்றில் கட்டி மச்சுக்கு இழுக்க வைத்தவை. ஆலப்புழைக் கதையும் இப்படித்தான்: துறைமுகம் 1989இல் மூடப்பட்டது. நெல் சுமந்த கெட்டுவள்ளம் இப்போது ஏசி படுக்கையறையோடு மிதக்கிறது.

போடிக்கு வருவோம். மூணாறு தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, போடி வழியாகத்தான் தூத்துக்குடிக்குப் போனது. ஜமீன் அரண்மனைச் சுவர்களில் ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. 2010 கடைசியில் நின்றுபோன ரயிலும் 2023 ஜூனில் திரும்பிவிட்டது. ஆனாலும் சுற்றுலா வருகிறவர் இங்கே ஒரு டீ குடித்துவிட்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டைத் தாண்டி, கேரளத்தில் போய் ரூம் போடுகிறார். (டீக்கு ஏலக்காய் போட்டோமா என்பது வேறு கதை.)

காட்ட என்ன இருக்கிறது என்பவர்கள், ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒரு ராத்திரி இருந்து பார்க்கட்டும். பச்சைக் காயைக் கழுவித் தட்டுகளில் பரப்பி, ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டில் விடிய விடிய உலர்த்துவார்கள். சூடு கூடினால் நிறம் போகும். நிறம் போனால் விலை போகும். அதனால் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தூக்கம் கிடையாது. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். அதைத் தேய்த்து, காம்பு நீக்கி, புடைத்து, சலித்து மூட்டை கட்டினால் ஏலத்துக்கு, போடிக்கோ கேரளத்துப் புற்றடிக்கோ போகும். அங்கே வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் போட்டுவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஏலக்காயை மிதிக்காமல் நடக்க முடியாது. எந்த நட்சத்திர ஹோட்டல் வரவேற்பறையில் இந்த வாசனை வரும், சொல்லுங்கள்!

அதற்காகப் பெரிய பெரிய ரிசார்ட்டுகள் வேண்டும் என்று கேட்கவில்லை. சுற்றுலா மிஞ்சினால் என்னவாகும் என்பதற்கு வெனிஸைப் பாருங்கள்: அதன் பழைய நகரத்தில் குடியிருப்போர் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டார்கள். பகலில் வந்து போகிறவர்களிடம் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். நம் மலையிலோ ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். காட்சி தெரியட்டும் என்று மரத்தை வெட்டிக் கண்ணாடி அறை கட்டுகிறவருக்கு இந்தப் பக்கத்தின் ஆதரவு கிடைக்காது. காரைக்குடியில் ‘பங்களா’ விடுதி செய்ததுபோல, குடும்பமே முன்னின்று, ஊர்ச் சாப்பாடு போட்டு நடத்தும் சில அறைகள் போதும். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மெட்டு ஏறித் தோட்ட வேலைக்குப் போகும் நம் பெண்களில் சிலருக்காவது, ஊரிலேயே, தோட்டக் கூலிக்குக் குறையாத கூலியில் வேலை கிடைக்க வேண்டும். இது இல்லாத திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு ஒப்புதல் இல்லை.

பழைய தோட்ட பங்களாவோ, மச்சு வைத்த கிடங்கோ வைத்திருப்பவர்கள் எழுதுங்கள். இரண்டு அறையை வாடகைக்கு விடுவீர்களா? எவ்வளவு கேட்பீர்கள்? காலைப் பலகாரம் யார் பொறுப்பு? வரும் கடிதங்களுக்கு அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்