ஒரு கோபுரம், பல குடித்தனம்

பெங்களூரு மொட்டை மாடிகளில் நிற்கும் கைப்பேசிக் கோபுரங்களில் பல, கோபுர நிறுவனங்களின் சொத்து. தொலைபேசி நிறுவனங்கள் அங்கே வாடகைக்குக் குடியிருக்கின்றன. நில வாடகை, மின்சாரம், டீசல், காவல் செலவெல்லாம் இரண்டாவது குடித்தனம் வந்தாலும் இரட்டிப்பாவதில்லை. லாபத்தின் சூட்சுமம் அங்கேதான். ஏர்டெல், வோடஃபோன், ஐடியா ஆகிய போட்டியாளர்கள் 2007இல் கைகோத்து இண்டஸ் டவர்ஸைத் தொடங்கியதும் இந்தக் கணக்கில்தான்.

ஆனால் குடித்தனக்காரர்கள் குறைந்துவிட்டார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்தது. 2016இல் ஜியோ வந்தது; அந்தப் போட்டியில் சிலர் தாக்குப்பிடிக்கவில்லை. வோடஃபோனும் ஐடியாவும் 2018இல் ஒன்றாயின. ஸ்பைஸ் என்ற பழைய தொலைபேசி நிறுவனத்தின் பெயர் பழைய பெங்களூருக்காரர்களுக்கு மட்டுமே நினைவிருக்கும். இன்று இண்டஸில் பெரும்பான்மைப் பங்கு ஏர்டெல்லிடம். வாடகை தர வேண்டிய வோடஃபோன் ஐடியாவோ ஏர்டெல்லின் போட்டியாளர். வீட்டுக்காரரே எதிர்க்கடைக்காரரானால் வாடகை நியாயமாக இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

கம்பத்தோடு நிற்காமல் ஆன்டெனா, ரேடியோ கருவிகளையும் பகிர 2016இலேயே அனுமதி கிடைத்தது. நகரங்களில் அது பெரிதாகப் பரவவில்லை. தன் வலையமைப்பே சிறந்தது என்று விளம்பரம் செய்பவர்கள் அதைப் பகிர்வார்களா?

பகிர்வு கட்டடங்களுக்குள்ளும் தேவை. அடுக்குமாடிகளிலும் ஐடி வளாகங்களிலும் ஒரே நிறுவனத்துக்கு மட்டும் கதவு திறக்கும் ஒப்பந்தங்கள் கூடாது. கட்டடங்களின் இணைப்பு வசதிக்குத் தரமதிப்பீடு வழங்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் விதி வகுத்தது. அதோடு நில்லாமல், கோபுர வாடகை விதிமுறைகளையும் அது பொதுவில் வெளியிடச் செய்ய வேண்டும்.